வாசலில் நின்ற டீச்சர்

எங்கள் பள்ளி வருகைப் பதிவேட்டில் உண்மையான நேரத்தை எழுதிய ஒரே ஆள் அந்த டீச்சர்தான். அதனாலேயே அவரை எங்கள் யாருக்கும் பிடிக்காமல் போனது.

விஷயம் சின்னது. கையெழுத்துப் போடும் இடத்துக்குப் பக்கத்தில் வந்த நேரத்தை எழுத ஒரு கட்டம் உண்டு. பள்ளி மணி ஒன்பதே காலுக்கு. நாங்கள் எப்போது வந்தாலும் அந்தக் கட்டத்தில் 9.10 என்றுதான் எழுதுவோம், தலைமையாசிரியர் உட்பட. அந்தப் பக்கங்களைப் புரட்டினால், ஐந்து ஆசிரியர்களும் வருடம் முழுவதும் ஒரே ஜீப்பில் ஏறி ஒரே நொடியில் குதித்து இறங்கியதுபோல இருக்கும். டீச்சர் மாறுதலில் வந்த முதல் வாரம், ஒரு நாள் பஸ் தாமதம். அவர் 9.22 என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வகுப்புக்குப் போய்விட்டார். அவருக்குப் பின்னால் வந்த நான் பேனாவைத் திறந்தபடி நின்றேன். 9.22-க்குக் கீழே 9.10 என்று எப்படி எழுதுவது? நான் கணக்கு வாத்தியார் வேறு. கடைசியில் 9.23 என்று எழுதினேன். அப்போது உண்மையில் மணி ஒன்பது நாற்பது.

மறுநாள் தலைமையாசிரியர் அவரைக் கூப்பிட்டுப் பக்குவமாகச் சொன்னார். போடிக்காரர், நல்ல மனிதர், எதற்கும் பயப்படுகிறவர்.

"ஏம்மா, பஸ்சு லேட்டானா நீங்க என்ன பண்ணுவீக? எல்லாரும் போடுற மாதிரி ஒன்பது பத்துன்னே போட்டுருங்க. யாரு கேக்கப் போறாக?"

"யாரும் கேக்க மாட்டாக சார். ஆனா கட்டத்துக்கு மேல 'வந்த நேரம்'னு எழுதிருக்கே."

அதை அவர் எதிர்வாதமாகச் சொல்லவில்லை. குத்தலும் இல்லை. ஒருவேளை தலைமையாசிரியர் அந்தத் தலைப்பைக் கவனிக்காமல் விட்டிருக்கலாம் என்று நினைத்து, விரலை வைத்துப் படித்துக் காட்டினார். அவ்வளவுதான்.

'எழுதிருக்கே' என்பது அவர் வாயில் ஒரு நாளைக்குப் பத்து முறையாவது வரும். அச்சில் எதைப் பார்த்தாலும் நின்று முழுக்கப் படிப்பார், உதடு லேசாக அசையும். படித்தால் அதன்படி நடப்பார். படிக்கட்டில் பயணம் செய்யக் கூடாது என்று பஸ்ஸில் எழுதியிருந்ததால், கூட்டமான பஸ்ஸை விட்டுவிட்டு அடுத்ததற்குக் காத்து நிற்பார். தாமதத்துக்குப் பாதிக் காரணம் இதுதான். மூத்த குடிமக்கள் இருக்கை காலியாக இருந்தாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு பழனிசெட்டிபட்டியிலிருந்து கம்பம் வரைக்கும் நின்றுகொண்டே வருவார். ஒரு முறை தேனியில், அவர் உள்ளூரில் மட்டும் ஓட்டுகிற ஸ்கூட்டிக்குப் பின்னால் என் வண்டி மாட்டிக்கொண்டது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். சாலையில் குறுக்கே போக ஒரு ஆடுகூட இல்லை. சிக்னல் சிவப்பு. அவர் நின்றுவிட்டார். பின்னால் நாங்கள் எட்டுப் பத்து பேர் ஹாரனை அமுக்குகிறோம். அவர் திரும்பிப் பார்த்து, எங்களுக்குக் கண் தெரியவில்லையோ என்ற கவலையோடு, விளக்கைக் கையால் காட்டினார்.

கம்பத்துக்கும் கூடலூருக்கும் நடுவில், ரோட்டை விட்டு உள்ளே தள்ளி, திராட்சைப் பந்தல்களுக்கு நடுவே இருந்தது எங்கள் நடுநிலைப் பள்ளி. பிள்ளைகளின் அம்மாக்கள் பாதிப் பேர் விடியும் முன்னே ஜீப்பில் ஏறி மலைக்கு மேலே, கேரளத்து ஏலக்காய்த் தோட்டங்களுக்குப் போய்விடுவார்கள். பிள்ளைகள் தாங்களே கிளம்பி வரும். ஆய்வுக்கு வருகிறவர்களும் அடிக்கடி வரமாட்டார்கள். அமைதியான பள்ளி. அந்த அமைதிக்குள்தான் ஒரு ஜூன் மாதம் ஸ்மார்ட் போர்டு வந்து சேர்ந்தது.

எட்டாம் வகுப்புச் சுவரில் அதை மாட்டிவிட்டுப் போனார்கள். தலைமையாசிரியர் அன்று மாலையே வீட்டிலிருந்து ரோஜாப்பூப் போட்ட பெட்ஷீட் ஒன்றைக் கொண்டுவந்து போர்த்திவிட்டார். பிள்ளைகள் கீறிவிட்டால் யார் பதில் சொல்வது? மழைச்சாரல் பட்டால்? அலுவலர் வரும்போது மட்டும் திறப்பது என்று முடிவானது. மூன்று வாரம் அது போர்த்திய பெட்ஷீட்டோடு, காய்ச்சல் கண்ட ஆளைப்போலச் சுவரில் கிடந்தது.

டீச்சர் பெட்டிக்குள் கிடந்த உத்தரவாத அட்டையை எடுத்து முழுவதும் படித்தார். பிறகு தலைமையாசிரியரிடம் கொண்டுபோய்க் கொடுத்தார்.

"சார், ரொம்ப நாள் கரண்டு குடுக்காம வச்சிருந்தா பழுதாகும்னு எழுதிருக்கு. அப்படிப் பழுதானா கம்பெனி பொறுப்பில்லையாம்."

"அப்ப யாரு பொறுப்பு?"

"அது எழுதல சார்."

தலைமையாசிரியருக்கு வியர்த்துவிட்டது. மறுநாளே பெட்ஷீட்டை எடுத்தார்கள்.

எடுத்த பிறகுதான் தெரிந்தது, போர்டைத் திறக்க ஓ.டி.பி. வேண்டும். அது தலைமையாசிரியரின் போனுக்குத்தான் வரும். அவருடைய போனுக்குப் பள்ளிக்குள் சிக்னல் கிடைப்பது ஒரே ஒரு இடத்தில், தண்ணீர்த் தொட்டிக்கு மேற்குப் பக்கம். ஆகவே டீச்சரின் சமூக அறிவியல் பாடம் தினமும் இப்படித்தான் தொடங்கும். தலைமையாசிரியர் தொட்டியடியில் நின்று, கையை உயர்த்தி, போனை வானத்துக்குக் காட்டிக்கொண்டிருப்பார். எண் வந்ததும் மைதானம் முழுக்கக் கேட்கும்படி, "நாலு... ஏழு... ரெண்டு... ஏய், சத்தம் போடாதீகலே... ரெண்டுக்கு அப்புறம் மறுபடியும் ஏழு!" என்று கத்துவார். எதிர்த் தோட்டத்தில் திராட்சை வெட்டுகிறவர்களுக்குக்கூட எங்கள் ரகசிய எண் மனப்பாடம்.

எட்டாம் வகுப்புக்கு அப்போது அரசின் மூன்று அங்கங்கள் பாடம். சட்டமன்றம், நிர்வாகம், நீதித்துறை. நான் ஒரு வருடம் அதை நடத்தியிருக்கிறேன். 'மூன்றையும் அடிக்கோடு போட்டுக்குங்க, பரீட்சைக்கு வரும்' என்று சொல்லி முக்கால் மணியில் முடித்தேன். டீச்சர் அதற்கு ஒன்றரை மாதம் எடுத்துக்கொண்டார்.

போர்டில் மூன்று வண்ணத்தில் மூன்று கட்டம் போட்டார். இருபத்து மூன்று பிள்ளைகளின் பெயரையும் தனித்தனியே எழுதி, விரலால் இழுத்து எந்தக் கட்டத்தில் வேண்டுமானாலும் வைக்கலாம் என்றார். எல்லோரும் ஓடிப்போய் நிர்வாகத்தில் விழுந்தார்கள். நீதித்துறைக்கு ஆளே இல்லை.

"கோர்ட்டுன்னா என்னன்னு தெரியுமா?" என்று கேட்டார்.

"தண்ணி டீச்சர்" என்றான் ஒருவன்.

டீச்சர் சிரிக்கவில்லை. எங்கள் ஊரில் அது தப்பான பதிலும் இல்லை. மலைக்கு மேலே அணை, அடிவாரத்து லோயர் கேம்ப் வழியாக இறங்கி வருகிற தண்ணீர், அதில் இரண்டு மாநிலத்துக்கும் வழக்கு. தண்ணீர் எவ்வளவு தேக்கலாம் என்பதை கோர்ட்டுதான் சொல்லும் என்று இங்கே பால்வாடிப் பிள்ளைக்கும் தெரியும்.

"சரி. ரெண்டு அரசாங்கமும் பெரிய அரசாங்கந்தான? அப்புறம் ஏன் கோர்ட்டு சொல்றதக் கேக்குறாக?"

கடைசி பெஞ்சிலிருந்து கௌசல்யா எழுந்தாள். ஒல்லியான பெண், குரல் மட்டும் கொஞ்சம் கட்டையாக இருக்கும். "கேக்கலைன்னா அப்புறம் அவுக சொல்றத நாம எதுக்குக் கேக்கணும்?" என்றாள்.

டீச்சர் நேராகப் போர்டுக்குப் போய், அவள் பெயரை நீதித்துறைக் கட்டத்துக்கு இழுத்து வைத்தார். அவளுக்குத் துணையாக இன்னும் இரண்டு பேர். சத்தம் பெரிதாக இருந்ததால் மணிகண்டன் முதலமைச்சரானான்.

அதற்குப் பிறகு நடந்ததைப் பக்கத்து வகுப்பிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு ஏழாம் வகுப்பு. நடுவில் பாதிச் சுவர்தான், அதிலும் ஒரு ஜன்னல்.

முதல் மசோதாவே தகராறானது. சாப்பாட்டு வரிசையில் சின்னப் பிள்ளைகள் முன்னால் நிற்க வேண்டும் என்று ஒரு சட்டம். போர்டில் 'ஆம்', 'இல்லை' என்று இரண்டு கட்டம், ஒவ்வொருவராகப் போய்த் தொட்டு வாக்களிக்க வேண்டும். பேசும்போது எல்லோரும் ஆதரித்தார்கள். எண்ணிப் பார்த்தால் மசோதா படுதோல்வி. முதலமைச்சர் மணிகண்டனின் முகம் செத்துப்போனது. தன் கட்சியிலேயே துரோகி இருப்பதாக அவன் கத்திக்கொண்டிருக்க, கௌசல்யா போர்டைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். விரல் வைத்த இடத்தில் புள்ளி விழவில்லை. நாலு விரல் தள்ளி விழுந்தது. 'ஆம்' என்று தொட்டவர்களின் வாக்கெல்லாம் 'இல்லை'யில் போய்ச் சேர்ந்திருந்தது.

"இத யாரு முடிவு பண்ணணும்?" என்று கேட்டுவிட்டு டீச்சர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். மூன்று நீதிபதிகளும் மூலையில் கூடிப் பேசி, தேர்தல் செல்லாது, கையைத் தூக்கி மறுபடி வாக்களிக்க வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னார்கள். தீர்ப்பை எழுத்தில் போடச் சொன்னார் டீச்சர். கௌசல்யா நாலு விரல் தள்ளித் தொட்டு, சரியான இடத்தில் எழுதப் பழகிக்கொண்டாள். எங்கள் பள்ளியில் அந்த இயந்திரத்தை முழுமையாகப் புரிந்துகொண்டவள் அவள் ஒருத்திதான்.

இரண்டாவது சட்டம்தான் வினை. தாமதமாக வருகிறவர்களைப் பற்றியது. மணிகண்டன் நாள் முழுக்க வெளியே நிறுத்த வேண்டும் என்றான். டீச்சர் சட்ட ஆலோசகர் மாதிரி ஓரமாக இருந்து, ஒரு பாடவேளை போதும், அதற்கு மேல் போனால் படிப்பு கெடும் என்றார். நாற்பது நிமிடம் என்று முடிவானது. 'மணி அடித்த பிறகு வரும் மாணவர், வந்த நேரத்திலிருந்து நாற்பது நிமிடம் வகுப்பு வாசலில் நிற்க வேண்டும்' என்று போர்டில் எழுதினார்கள். டீச்சர் உதடு அசையப் படித்தார்.

"வகுப்புக்கு வர்றவுக மாணவர் மட்டுந்தானா?" என்றார்.

பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"சட்டம் எழுதும்போது ஆளப் பாக்கக் கூடாது" என்று சொல்லி, அவரே எழுந்து போய் 'மாணவர்' என்பதை அழித்துவிட்டு 'எவரும்' என்று எழுதினார்.

மத்தியானம் ஆசிரியர் அறையில் நான் சிரித்துக்கொண்டே சொன்னேன். "டீச்சர், கம்பத்துக்கு வர்ற பஸ்ச நம்பி இருக்கிற ஆளு நீங்க. உங்க தலையில நீங்களே மண்ணப் போட்டுக்கிறீக."

"சீக்கிரம் கிளம்பணும் சார்" என்றார். மறுநாளிலிருந்து ஒரு பஸ் முன்னால் வந்தார். அதற்குப் பிறகு பல வாரம் ஒரு நாள்கூடத் தாமதமில்லை.

முதலில் மாட்டியது பவித்ரா. அவளுடைய அம்மா ஐந்து மணி ஜீப்பில் மலைக்குப் போய்விட்டாள். தம்பியைக் குளிப்பாட்டி, சோறு ஊட்டி, அங்கன்வாடியில் விட்டுவிட்டு வர பத்து நிமிடம் பிந்திவிட்டது. அவள் சொன்னதைக் கேட்டு கோர்ட்டே கலங்கிப்போனது. கௌசல்யாவின் அம்மாவும் அதே ஜீப்தான்.

"பாவமாருக்கு டீச்சர். விட்டுறலாமா?"

"நீதிபதி என்னயக் கேக்கக் கூடாது. என்ன எழுதிருக்கு?"

"எவரும்னு எழுதிருக்கு."

பவித்ரா நாற்பது நிமிடம் நின்றாள். அதைப் பார்க்க எனக்கு எரிச்சலாக இருந்தது. ஒரு வார்த்தை சொல்லி அந்தப் பிள்ளையை உள்ளே கூப்பிட்டால் என்ன குறைந்துவிடும் என்று பக்கத்து ஆசிரியரிடம் சொன்னேன். டீச்சரிடம் சொல்லவில்லை. அன்று முழுக்க டீச்சர் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமல் வைத்திருந்ததையும் பார்த்தேன். சாயங்காலம் அவர் வகுப்பில், "சட்டம் தப்பா இருந்தா கோர்ட்டு மாத்த முடியாது. அத எழுதுனவுகதான் மாத்தணும். நீங்கதான எழுதுனீக?" என்றார். நியாயமான காரணத்தை முன்கூட்டிச் சொல்லிவிட்டால் தண்டனை இல்லை என்று ஒரு திருத்தம் தயாரானது. புதன்கிழமை வாக்கெடுப்பு.

புதனும் வியாழனும் தலைமையாசிரியர் விடுப்பு. போடியில் உறவுக்காரர் வீட்டுக் கல்யாணம். ஓ.டி.பி. அவரோடு கல்யாணத்துக்குப் போய்விட்டது. போர்டு திறக்கவில்லை. கரும்பலகையில் எழுதி நடத்தலாம் என்றான் மணிகண்டன். சட்டங்கள் எல்லாம் போர்டில்தான் இருக்கின்றன, மூலத்தைப் பார்க்காமல் திருத்தக் கூடாது என்றது கோர்ட்டு. திருத்தம் தள்ளிப்போனது.

வெள்ளிக்கிழமை உத்தமபாளையத்தில் ஏதோ ஊர்வலம். டீச்சரின் பஸ் அதற்குப் பின்னால் ஊர்ந்து வந்தது. அவர் பள்ளிக்குள் நுழையும்போது மணி ஒன்பது நாற்பது. பதிவேட்டில் அதை எழுதிவிட்டு, எட்டாம் வகுப்பு வாசலுக்கு வந்து, உள்ளே காலை வைக்காமல் நின்றார்.

வகுப்பு எழுந்து வணக்கம் சொன்னது. அவர் அசையவில்லை. பிள்ளைகளுக்கு அப்புறம்தான் விளங்கியது.

"டீச்சருக்கெல்லாம் கிடையாது" என்று முதலமைச்சர் அவசரமாக அறிவித்தான். "நான் மன்னிச்சுட்டேன்."

"மன்னிக்கிறதுக்கு உனக்கு எங்கலே அதிகாரம்?" என்றாள் கௌசல்யா. அவள் எழுந்து வாசலுக்கு வந்தாள். பாதிச் சுவருக்கு இந்தப் பக்கம் நான் போனை மேசையில் வைத்துவிட்டு ஜன்னலுக்கு வந்தேன். "டீச்சர், நீங்க இந்தச் சட்டத்துக்கு உள்ள இருக்கீகளா, வெளிய இருக்கீகளா?"

"உள்ளதான்."

"லேட்டுக்கு என்ன காரணம்?"

"பஸ்சு லேட்டு."

கௌசல்யா திரும்பிப் பவித்ராவைப் பார்த்தாள். பவித்ரா குனிந்து புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நீதிபதிகள் மூவரும் மூலைக்குப் போய் ரொம்ப நேரம் பேசினார்கள். திரும்பி வந்தபோது ஒருத்தி மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தாள்.

"நாப்பது நிமிசம்" என்றாள் கௌசல்யா.

டீச்சர் தலையாட்டிவிட்டு, பையைத் தோளில் மாட்டியபடியே, வாசலுக்கு வலப்பக்கம் சுவரில் சாயாமல் நின்றார். வெளியே நின்று பாடம் நடத்தினால் தண்டனை ஆகாது என்று அதையும் செய்யவில்லை. பிள்ளைகள் தாங்களே போர்டைத் திறக்க ஏற்பாடு செய்தார்கள். தொட்டியடியில் தலைமையாசிரியர் எண்ணைக் கத்தினார். தள்ளிப்போன திருத்தத்தை எடுத்துப் பேசத் தொடங்கினார்கள். அப்போதுதான் வெள்ளைக் கார் ஒன்று மைதானத்துக்குள் வந்தது.

ஆய்வு அலுவலர். கூடவே படம் எடுக்க ஒருவர். தொட்டியடியில் கையை உயர்த்தி நின்ற தலைமையாசிரியரை ஒரு நிமிடம் வேடிக்கை பார்த்துவிட்டு, நேராக எட்டாம் வகுப்புக்கு வந்தார்கள்.

"நீங்க யாரும்மா?"

"சமூக அறிவியல் ஆசிரியர் சார்."

"ஏன் வெளிய நிக்கிறீங்க?"

"தண்டனை சார்."

"யார் கொடுத்தது?"

"கோர்ட்டு சார்."

அலுவலர் ஒரு அடி பின்னால் நகர்ந்தார். "எந்தக் கோர்ட்டு?"

"எட்டாம் வகுப்பு சார்."

பின்னால் ஓடிவந்த தலைமையாசிரியருக்கு மூச்சு வாங்கியது. "டீச்சர் சும்மா வெளையாட்டுக்குச் சொல்றாக சார்!"

ஆனால் அலுவலர் கோபப்படவில்லை. சிரித்தார். உள்ளே போய்ப் பார்த்தார். ஆசிரியர் இல்லாத வகுப்பில் இருபது பிள்ளைகள் ஒழுங்காகக் கை தூக்கி வாக்களித்துக்கொண்டிருந்தார்கள். ஓட்டுப்போட உரிமை இல்லாத நீதிபதி போர்டில் எண்ணிக்கையைக் குறித்துக்கொண்டிருந்தாள். "பிரமாதம், பிரமாதம்" என்றார். கூட வந்தவர் நாலைந்து படம் எடுத்தார். அதோடு அலுவலர் போயிருந்தால் இந்தக் கதை நல்ல கதை.

அவர் போனில் ஆய்வுச் செயலியைத் திறந்தார். 'வகுப்பறையில் ஆசிரியர் உள்ளாரா?' என்று முதல் கேள்வி. ஆம், இல்லை என்று இரண்டே கட்டம். ஆம் என்றால் ஆசிரியர் வகுப்புக்குள் நிற்கும் படம் வேண்டும்.

"உள்ள வாங்கம்மா. ஒரே ஒரு போட்டோ."

"இன்னும் பதினாறு நிமிசம் இருக்கு சார்."

"ரெண்டு செகண்டுதாம்மா. எடுத்துட்டுத் திரும்பப் போய் நின்னுக்கங்க."

"கோர்ட்டு அவமதிப்பாயிரும் சார்."

அலுவலர் இன்னும் சிரித்த முகமாகத்தான் இருந்தார். கௌசல்யாவிடம் திரும்பி, "என்னம்மா ஜட்ஜம்மா, உங்க டீச்சரை உள்ள கூப்பிடு" என்றார்.

அவள் டீச்சரைப் பார்த்தாள். ஒரு சின்னத் தலையசைப்பு கிடைத்திருந்தால் போதும். டீச்சர் அவள் தன்னைப் பார்ப்பதைப் பார்த்ததும், முகத்தை மைதானத்தின் பக்கம் திருப்பிக்கொண்டார். கௌசல்யா திரும்பி, போர்டில் இருந்த சட்டத்தைப் பார்த்தாள்.

"உத்தரவு போட்டாச்சு சார்" என்றாள். "மாத்தணும்னா மனு எழுதிக் குடுங்க. நாங்க மூணு பேரும் பேசிச் சொல்றோம்."

படம் எடுக்க வந்தவர் களுக்கென்று சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்புதான் எல்லாவற்றையும் கெடுத்தது. அலுவலரின் முகத்திலிருந்து சிரிப்பு இறங்கியது. போனை எடுத்து 'இல்லை' என்பதைத் தொட்டார். அவருடைய போனில் விரல் வைத்த இடத்திலேயே புள்ளி விழுந்தது.

ஒரு வாரத்தில் டீச்சரிடம் விளக்கம் கேட்டு மெமோ வந்தது. பணி நேரத்தில் வகுப்பில் இல்லாமை, மேலதிகாரியின் சொல்லை மீறியது.

தலைமையாசிரியர் தவித்துப்போனார். அவரே வீட்டில் உட்கார்ந்து ஒரு பதிலை எழுதிக்கொண்டு வந்தார். மாணவர்களுக்கு நீதித்துறையை விளக்க நடத்தப்பட்ட நாடகம், ஆசிரியர் குற்றவாளி வேடத்தில் நடித்தார் என்று. நல்ல பதில். எந்த அதிகாரியும் அதை மறுத்திருக்க முடியாது.

"இதுல ஒரு கையெழுத்துப் போடுங்கம்மா, எல்லாம் முடிஞ்சது."

டீச்சர் படித்தார். "நாடகம் இல்லையே சார். நான் லேட்டா வந்தேன்."

"அம்மா தாயே, நாடகம்னு ஒரு வார்த்த. அதுல யாருக்கு என்ன கெட்டுப்போகுது?"

"பவித்ரா நின்னது நாடகமா சார்? அவகிட்ட என்ன சொல்றது?"

கடைசியில் அவர் எழுதிக் கொடுத்தது நாலு வரி. ஒன்பது நாற்பதுக்கு வந்தேன். வகுப்பின் சட்டப்படி வாசலில் நின்றேன். அலுவலர் அழைத்தபோது பதினாறு நிமிடம் மீதம் இருந்ததால் உள்ளே வர இயலவில்லை. வருந்துகிறேன் என்பதுகூட இல்லை. கேட்டதற்கு, "வருந்தல சார்" என்றார்.

பக்கத்து வகுப்பு ஆசிரியர் என்ற முறையில் என்னிடமும் எழுத்து மூலம் கேட்டார்கள். நான் பார்த்ததை எழுதியிருக்கலாம். வகுப்பு ஒழுங்காக நடந்தது, பிள்ளைகள் அப்படிப் பேசி நான் பார்த்ததில்லை, அலுவலர் முதலில் பாராட்டினார், கூட வந்தவர் சிரித்த பிறகே கோபப்பட்டார். இவ்வளவும் எனக்குத் தெரியும். நான் எழுதியது ஒரே வரி. 'அந்த நேரத்தில் நான் ஏழாம் வகுப்பில் பாடம் நடத்திக்கொண்டிருந்ததால் எதையும் கவனிக்கவில்லை.'

அதன் நகல் டீச்சருக்குக் கிடைத்தது. அதை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். சண்டைக்கு வருகிறார் என்று நினைத்தேன்.

"சார், பாடம் நடத்திட்டிருந்தேன்னு எழுதிருக்கீக. நீங்க அப்ப ஜன்னல்ல நின்னீக. அதுக்கு முன்னாடி போன் பாத்துட்டிருந்தீக" என்றார். "யாராச்சும் புள்ளைககிட்டக் கேட்டா உங்களுக்குச் சங்கடமாயிரும். இப்பவே மாத்திருங்க."

எனக்காகக் கவலைப்பட்டுச் சொன்னார். நான் மாற்றவில்லை.

நிர்வாகக் காரணங்களுக்காக என்று டீச்சருக்கு மாறுதல் வந்தது. வருசநாட்டைத் தாண்டி, மலை சுற்றி வளைத்த ஒரு பள்ளி. கடைசி நாள் கௌசல்யா அழுத அழுகை பள்ளிக்கூடம் முழுக்கக் கேட்டது.

"நான் போட்ட தீர்ப்பாலதான டீச்சர் உங்கள அனுப்புறாக?"

"தீர்ப்பு தப்பா இருந்தா நான் அன்னைக்கே அப்பீல் கேட்டிருப்பேன்ல?" என்றார் டீச்சர். "அழுகாத. அன்னைக்குப் பாதியில நின்ன திருத்தம் இன்னைக்கு என்னாச்சு? பாஸாச்சா?"

"ஆச்சு டீச்சர். பதினாறு பேரு ஆதரவு."

"எதிர்த்தது யாரு?"

"பவித்ராவும் இன்னும் மூணு பேரும். இனிமே யாரு வேணாலும் பொய்க் காரணம் சொல்லுவாகன்னாக."

டீச்சர் வாய்விட்டுச் சிரித்ததை அன்றுதான் நான் முதல் முறையாகப் பார்த்தேன்.

அவர் போன பிறகு சமூக அறிவியலும் என் தலையில் விழுந்தது. நான் அடிக்கோடு போடச் சொல்லி நடத்தினேன். போர்டு மறுபடி பெட்ஷீட்டுக்குள் போனது. மணிகண்டனின் அரசாங்கம் ராஜினாமா செய்ய வந்தது. ராஜினாமாவை யாரிடம் கொடுப்பது என்று என்னைக் கேட்டார்கள். எனக்குத் தெரியவில்லை.

இந்த வருடம் தேனியில் ஆசிரியர்களுக்கு ஒரு பயிற்சி. குளிரூட்டிய அறை, ஆளுக்கு ஒரு பை, பைக்குள் ஒரு பேனா. டீச்சர் எனக்கு இரண்டு இருக்கை தள்ளி உட்கார்ந்திருந்தார். கொஞ்சம் நரைத்திருந்தார். பேச வந்தவர் அதே அலுவலர், இப்போது பெரிய பதவி. வகுப்பறையில் தொழில்நுட்பம் என்ற தலைப்பில் ஸ்லைடுகளை ஓட்டினார். ஆறாவது ஸ்லைடில் எங்கள் எட்டாம் வகுப்பு. போர்டில் எண்ணிக்கையைக் குறிக்கிற கௌசல்யா, பின்னால் உயர்ந்த கைகள். 'நமது மாவட்டத்தின் முன்மாதிரி: மாதிரி நீதிமன்றம்' என்று கீழே எழுதியிருந்தது.

"ஆசிரியர் உள்ளேயே இல்லை, பாருங்க" என்றார் அலுவலர் பெருமையாக. "மாணவர்களே நடத்துறாங்க. ஆசிரியர் எப்போ ஒதுங்கி நிக்கணும்னு தெரிஞ்சிருக்கணும்." அறை கைதட்டியது. டீச்சரும் தட்டினார். என் பக்கம் சாய்ந்து, "கௌசல்யா போட்டோவுல நல்லா விழுந்திருக்கா, இல்ல சார்?" என்றார்.

பிறகு கையை உயர்த்தி எழுந்தார். நான் குனிந்து பைக்குள் பேனாவைத் தேடினேன்.

"சார், கீழ 'மாதிரி'ன்னு எழுதிருக்கு. அது மாதிரி இல்ல சார். அன்னைக்கு உண்மையாவே நடந்துச்சு."

அலுவலருக்கு அவரை அடையாளம் தெரியவில்லை. "நல்ல கருத்து மேடம், உக்காருங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த ஸ்லைடுக்குப் போனார்.

தேநீர் இடைவேளையில் வராண்டாவில் அவரைப் பிடித்தேன். "அன்னைக்கு நான் எல்லாத்தையும் பாத்தேன் டீச்சர்" என்றேன்.

"தெரியுமே சார்" என்றார். கையிலிருந்த கோப்பையை ஓரமாக வைத்தார். "அத எழுதிக் குடுக்கிறீகளா?"

எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். இந்த வயதில் அலுவலகத்துக்கு எழுதுவதால் என்ன ஆகப்போகிறது, ஓய்வு பெற இன்னும் நாலு வருடம் இருக்கிறதே என்றெல்லாம் யோசித்து, கடைசியில் இங்கே எழுதியிருக்கிறேன். பள்ளியின் பெயரைப் போடவில்லை. அவர் பெயரையும் போடவில்லை, என் பெயரையும் போடவில்லை. இதைக் கொண்டுபோய் அவர் கையில் கொடுத்தால் உதடு அசைய முழுவதும் படிப்பார். படித்து முடித்ததும், கீழே கையெழுத்துப் போட மறந்துவிட்டேன் என்று நினைத்து, தன் பேனாவை எடுத்து என்னிடம் நீட்டுவார்.